அரைமணிச் சராசரி

ஸ்லோவேனியாவின் வடக்கு ஓரம்.
இரண்டு மலைக்கு நடுவே ஒரே ஒரு புகைபோக்கி.
பழைய கார் பேட்டரிகளை உருக்கி
ஈயம் எடுக்கிற ஆலை.
அதன் அனுமதிப் பத்திரம்
என் மேசையில் வரைவாகக் கிடக்கிறது,
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

எனக்கு முன்னால் இருந்தவர்கள்
மூன்று பத்திரம் எழுதினார்கள்.
காற்றுக்கு, நீருக்கு, கழிவுக்கு.
மூன்று மாடி, மூன்று முத்திரை.
யாரும் தவறு செய்யவில்லை.
காற்றுக்காரர் புகையைக் கழுவச் சொன்னார்.
கழுவிய நீர் ஆற்றுக்குப் போனது.
நீர்க்காரர் வடிகட்டச் சொன்னார்.
வடிந்த சேறு ஆலைக்குப் பின்னால்
தார்ப்பாய் போர்த்திப் படுத்துக்கொண்டது.
கழிவுக்காரர் தார்ப்பாயை அளந்தார்.
சேறு காய்ந்து காற்றில் எழும்பியபோது
கோப்பு முதல் மாடிக்கே திரும்பியது
புது எண்ணோடு.

ஈயம் எங்கும் போகவில்லை,
வீடு மாற்றிக்கொண்டே இருந்தது
வாடகை பாக்கி வைக்கிறவனைப் போல.

இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே பத்திரம்.
ஒருங்கிணைந்த என்ற சொல்
கூட்டங்களில் சொல்லிச் சொல்லி வழவழத்துவிட்டது.
எனக்கு அது ஒரு சின்னக் கேள்விதான்:
அப்புறம் அது எங்கே போகும்?
ஒவ்வொரு நிபந்தனையின் ஓரத்திலும்
பென்சிலால் எழுதி
பதில் கிடைத்ததும் அழிப்பேன்.
மழலையர் பள்ளியின் விளையாட்டு மண்ணை
வசந்தந்தோறும் ஆலையே மாற்றித் தர வேண்டும்
என்று எழுதினேன்.
பழைய மண் எங்கே போகும்?
அந்தப் பதிலுக்கே மூன்று பக்கம் ஆயிற்று.

கிடைக்கும் நுட்பங்களில் சிறந்தவை என்று
ஐரோப்பா தொகுத்த தடிப்புத்தகத்தில்
எண்கள் தனியாக நிற்பதில்லை.
இதிலிருந்து இதுவரை என்று
இடம் விட்டு நிற்கும்.
ஆலைப் பொறியாளர் பொகோமிர்
மேல் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்,
நான் கீழ் விளிம்பில்.
நடுவில் நூற்று நாற்பது பேரின் சம்பளம்.
அவர் கெட்டவர் இல்லை.
அவருடைய மகளும்
அந்த மண்ணில்தான் விளையாடினாள்.
"நாள் சராசரியாக வையுங்கள்,
அதைத் தாண்ட மாட்டோம்" என்றார்.

நாள் சராசரி.
இருபத்திரண்டு மணிநேரம் யோக்கியன்,
இரண்டு மணிநேரம் திருடன்.
கூட்டி வகுத்தால்
ஊரில் களவே இல்லை.

உலைவாய்க்கு மூடி உண்டு.
ஊர்வாய்க்கு இல்லை.
சட்டம் அதற்கு முப்பது நாள் கொடுத்திருக்கிறது.
இருபத்தெட்டாம் நாள் ஒரு தபால் வந்தது:
கட்டம் போட்ட பள்ளி நோட்டு.
பேக்கரியில் இரவு வேலை பார்க்கும் ஹெட்விகா
நான்கு ஆண்டாக எழுதியது.
செவ்வாய், இரண்டு பத்து. நாக்கில் இனிப்பு.
வெள்ளி, இரண்டு நாற்பது. ஜன்னலைச் சாத்தினேன்.
திங்கள். ஒன்றுமில்லை. நட்சத்திரம்.
பக்கம் பக்கமாக இப்படியே.
கோரிக்கை இல்லை, கோபம் இல்லை,
சில பக்கத்தில் மாவு ஒட்டியிருந்தது.

நாற்பத்தேழாம் நிபந்தனையை
அன்று மாலை திருத்தினேன்.
அரைமணிக்கு ஒரு சராசரி.
இரவும் பகலும்.
தாண்டினால் ஆலையே சொல்ல வேண்டும்,
அதே நாளில்.
பொகோமிர் படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்,
"தூக்கம் போச்சு" என்றார்.
ஒரு வருடம் வழக்கில் போனது.
பிறகு முத்திரை.

மார்ச் மாதம் ஒரு காலை, அலுவலகம் திறக்குமுன்
தொலைபேசி அடித்தது. பொகோமிர்.
"மூன்று மணிக்குத் தாண்டியது.
வடிகட்டிப் பை ஒன்று கிழிந்திருந்தது.
உலையை நிறுத்திவிட்டோம்."
தானாக முன்வந்து சொன்ன முதல் குற்றம்.
எனக்கு அதை எந்தக் கட்டத்தில் பதிவதென்று தெரியவில்லை.
பழைய படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இருந்ததில்லை.

மறுவாரம் ஹெட்விகாவின் தபால்.
நன்றியாக இருக்கும் என்று பிரித்தேன்.
ஒரே வரி:
புதன், இரண்டு முப்பத்தைந்து. நாக்கில் இனிப்பு.

அரைமணி முடிந்தால்தானே அரைமணிச் சராசரி.
அந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு
இன்னும் நிபந்தனை இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.